துரையிடம் கற்ற பாடம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து நாளைக்கு முன்னால் செயலாளர் போன் செய்தார். "நீங்க சிமெண்ட் ஆலையில பராமரிப்புப் பிரிவுல இருக்கீங்க. பசங்களுக்கு உபயோகமா, கொஞ்சம் டெக்னிக்கலா, கொஞ்சம் வாழ்க்கை அனுபவமா இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், என் சர்வீஸில் நான் கற்றுக் கொண்ட பெரிய பாடம் ஆலைக்குள்ளே கிடைத்ததே இல்லை. அது ஒரு நாயிடம் கிடைத்தது. ஆகவே நான் இன்றைக்கு நாயைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக் கொள்ளலாம். முடிவில் டெக்னிக்கலாகவும் வந்து சேரும் என்று உத்தரவாதம் தருகிறேன்.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், குன்னம் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். கரிசல் காடு. மக்காச்சோளமும் பருத்தியும்தான் எங்கள் ஜீவனம். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். 2021ஆம் ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பலவீனப்பட்டன. முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் பேசிய மனிதருக்குப் பேச்சு போய்விட்டது. ஐந்தாறு வார்த்தைகள்தான் மிச்சம். அதில் ஒன்று "வா". டாக்டர் தினமும் கொஞ்சம் நடக்கச் சொன்னார். அப்பா நடக்க மறுத்துவிட்டார். ஊர்க்காரர்கள் முன்னால் காலை இழுத்துக் கொண்டு போக அவருக்கு மனசு வரவில்லை. திண்ணையே உலகம் என்று ஆகிவிட்டது.

அப்போது அப்பாவின் பழைய மாணவர் ஒருவர், விருதுநகர் பக்கம் வேலை பார்ப்பவர், ஒரு நாய்க்குட்டியைக் கொண்டு வந்து அப்பாவின் மடியில் வைத்தார். சிப்பிப்பாறை இனம். ராஜபாளையம், கோம்பை, கன்னி, சிப்பிப்பாறை என்று நம் தமிழ்நாட்டு நாய் இனங்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் இனத் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்தில் ஒரு ஊர். அந்த ஊர்ப் பெயரே நாய்க்கும் பெயர் ஆகிவிட்டது. எங்கள் அரியலூர் மண்ணும் சிப்பிப் பாறைதானே. ஆகவே குட்டி சரியான ஊருக்குத்தான் வந்திருக்கிறது என்று நான் சொன்னேன். அப்பா முகத்தில் ஆறு மாதம் கழித்து அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

குட்டிக்குத் துரை என்று பெயர் வைத்தோம். காரணம், வந்த முதல் நாளே அது அப்பாவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து எங்களை எல்லாம் வேலைக்காரர்களைப் பார்ப்பது மாதிரி பார்த்தது. பின்னால்தான் இந்தப் பெயரின் சங்கடம் புரிந்தது. எங்கள் தெருவிலேயே துரைசாமி என்று ஒரு பெரியவர் இருக்கிறார். "டேய் துரை, வாடா இங்க" என்று நான் கத்தும்போதெல்லாம் அவர் திரும்பிப் பார்ப்பார். நாய் திரும்பிப் பார்க்காது.

இந்த இனத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரும்பாலான நாய்கள் மூக்கை நம்பி வேட்டையாடும். சிப்பிப்பாறை கண்ணை நம்பி ஓடும். நீண்ட மூஞ்சி, ஒட்டிய வயிறு, ஆழமான மார்பு, மெல்லிய நீளக் கால்கள். தூரத்தில் எது அசைந்தாலும் அதன் பின்னால் பாய்வதற்கென்றே எத்தனையோ தலைமுறையாக மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்த உடம்பு அது. எஜமான் சொல்லுக்குக் காத்திராமல், முயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று தானே முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகவே வளர்க்கப்பட்ட மூளை. அதை நாம் வீட்டில் வைத்துக் கொண்டு, "சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, பிடிவாதம்" என்கிறோம். ரேஸ் காரை வாங்கி டிராக்டர் வேலைக்கு விட்டுவிட்டு, இது சரியில்லை என்று சொல்வது மாதிரிதான்.

பத்தாவது மாதத்தில் துரையின் அட்டகாசம் உச்சத்துக்குப் போனது. கயிற்றை அறுத்துக் கொண்டு ஓடும். மயிலைத் துரத்தும், முயலைத் துரத்தும். நம் ஊரில் பலர் இந்த நாய்களை முயல் வேட்டைக்கென்றே வளர்த்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். மயிலைத் தொட்டால் அதைவிடப் பெரிய குற்றம். போதாததற்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிக் கொண்டு போகும் டிப்பர் லாரிகள். எங்கள் சாலையில் அவை ராத்திரி பகல் பார்ப்பதில்லை. இரண்டு தடவை துரை லாரிச் சக்கரத்துக்கு முழம் தூரத்தில் தப்பித்தது.

மூன்றாவதாக நடந்ததுதான் பெரிய விஷயம். ஒரு நாள் காலை துரை ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டு மந்தைக்குள் புகுந்துவிட்டது. ஆடுகள் சிதறி ஓடின. ஓடுகிற குட்டி ஒன்றை விரட்டிப் பிடித்துவிட்டது. நான் மூச்சு வாங்க ஓடிப் போய்ச் சேர்வதற்குள் குட்டி செத்துப் போயிருந்தது.

ஆட்டுக்காரர் வயதானவர். அவர் கத்தவில்லை. குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக் கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். நான் அவர் கேட்ட பணத்தைக் கொடுத்தேன். வாங்கி மடியில் கட்டிக் கொண்டு சொன்னார்: "தம்பி, பணம் வேணாம்னு சொல்லல. ஆனா பணம் குட்டி போடாது பாருங்க. இன்னொரு தடவ உங்க நாய் என் மந்தையில வந்துச்சுன்னா, நான் மருந்து வச்சிடுவேன். வாத்தியார் வீட்டு நாய்ங்கிறதால முன்கூட்டியே சொல்லிட்டுப் போறேன்." திண்ணையில் இருந்த அப்பா இதையெல்லாம் கேட்டுக் கொண்டிருந்தார். அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

துரையைச் சங்கிலி போட்டுக் கட்டினோம். பத்து நாள் ஊளையிட்டது. காலைக் கடித்துப் புண்ணாக்கிக் கொண்டது. அது சாப்பிடாத அன்று அப்பாவும் சாப்பிடவில்லை. அம்மா என்னிடம், "ஒண்ணு அத எங்கயாவது கொண்டு போய் விடு, இல்லன்னா அத மனுஷனாக்கு, ரெண்டும் செய்யாம இருக்காதடா" என்றார்கள். நல்லது, பழக்கிவிடலாம் என்று தீர்மானித்தேன். இன்ஜினியர் அல்லவா, 500 டன் இயந்திரத்தையே ஓட்டுகிறோம், 20 கிலோ நாயை ஓட்ட முடியாதா என்று ஒரு மமதை.

தினமும் காலை 5.15 மணிக்குக் கயிற்றோடு கிளம்பினேன். மாரியம்மன் கோவில் தாண்டி, ஏரிக்கரை வழியாக, ஓடை வரைக்கும் போய்த் திரும்பினால் ஒன்றரை மணி நேரம். நடந்தது என்னவென்றால், நான் அதை நடத்தவில்லை, அது என்னை இழுத்துக் கொண்டு போனது. ஓடையில் அவிழ்த்துவிடுவேன், ஓடிவிடும். "வா! துரை, வா!" என்று தொண்டை வறளக் கத்துவேன். இருபது நிமிஷம் கழித்து நாக்கைத் தொங்கப் போட்டுக் கொண்டு சந்தோஷமாக வரும். வந்ததும் காதைப் பிடித்து நாலு வைப்பேன். "இனிமே ஓடுவியா?" என்று கேட்பேன். மறுநாள் அது நாற்பது நிமிஷம் கழித்து வந்தது. அதற்கடுத்த நாள் வந்து, பத்தடி தூரத்தில் நின்று கொண்டு கிட்டவே வரவில்லை.

ஆனால் வீட்டில் ஒரு அதிசயம். அப்பா திண்ணையிலிருந்து குழறலாக, பாதிக் குரலில் "வா" என்பார். துரை எங்கே இருந்தாலும் ஓடி வந்து அவர் முழங்காலில் தலையை வைக்கும். அதே வார்த்தை. நான் சொன்னால் ஓட்டம், அவர் சொன்னால் வருகை. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

நிற்க. இப்போது ஆலைக்குள் கொஞ்சம் வர வேண்டும்.

அதே மாதம் நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு சம்பவம். குறை முழுக்க என்னுடையது என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், கிரீஸ் போடும்போது ஒரு தப்புச் செய்துவிட்டு, தானாகவே என்னிடம் வந்து சொன்னான். நான் பத்துப் பேர் முன்னால் அவனைக் காய்ச்சி எடுத்துவிட்டேன். அடுத்த வாரம் நைட் ஷிப்டில் இன்னொரு பையன் ஒரு பெரிய விசிறியின் பேரிங்கில் வித்தியாசமான சத்தத்தைக் கேட்டிருக்கிறான். சூடும் தெரிந்திருக்கிறது. சொல்லவில்லை. காலை நாலு மணிக்குப் பேரிங் இறுகி நின்றது. விசிறி நின்றது, கில்ன் நின்றது. அதைவிட முக்கியம், பத்து நிமிஷம் முன்பு வரை ஒரு உதவியாளர் நின்று கொண்டிருந்த இடத்தில்தான் உடைந்த மூடியின் துண்டு போய் விழுந்தது.

"ஏண்டா சொல்லல?" என்று அந்தப் பையனைக் கேட்டேன். தலையைக் குனிந்து கொண்டு சொன்னான்: "சொன்னா திட்டு விழும் சார். போன வாரம் அவன் சொன்னான், வாங்கினான். நாம ஏன் வாய் கொடுக்கணும்னு இருந்துட்டேன்."

அன்றைக்கு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தேன். துரை பத்தடி தூரத்தில் நின்று என்னைப் பார்த்தது. அந்தப் பையனின் பார்வையும் இந்தப் பார்வையும் ஒன்றுதான் என்று எனக்குச் சுரீர் என்று உறைத்தது.

அன்பர்களே, இங்கேதான் நம் கல்லூரியில் படித்த கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம் எனக்கு உதவியது. அந்தப் பேப்பரில் நான் எத்தனை மார்க் வாங்கினேன் என்பதைப் பேராசிரியர் இங்கே உட்கார்ந்திருப்பதால் சொல்லாமல் விடுகிறேன். டெட் டைம் என்று படித்திருப்பீர்கள். ஒரு செய்கைக்கும் அதன் பலன் தெரிவதற்கும் இடையில் உள்ள கால இடைவெளி. லாட்ஜில் குளிக்கப் போகிறோம், வெந்நீர்க் குழாயைத் திறக்கிறோம், வரவில்லை, இன்னும் திறக்கிறோம், திடீரென்று முதுகு வெந்து போகிறது, பதறி மூடுகிறோம், உடனே பச்சைத் தண்ணீர். கில்னிலும் இதே கதைதான். பொருள் 1450 டிகிரி வரைக்கும் சூடேற வேண்டிய இடம் அது. லேபிலிருந்து வருகிற ரிசல்ட் ஏற்கனவே நடந்து முடிந்ததைச் சொல்கிறது. அதைப் பார்த்துப் பதறி, வால்வை அதிகமாகத் திருப்புகிற ஆபரேட்டர் கில்னை ஊசலாட வைத்துவிடுவார்.

நாய்க்கு இந்த டெட் டைம் ஒன்றிரண்டு வினாடிக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் என்ன கிடைக்கிறதோ, அதைத்தான் அது தான் செய்த காரியத்தோடு முடிச்சுப் போடும். இருபது நிமிஷத்துக்கு முன்னால் ஓடியதற்கு நான் அடித்தேன் என்பது என் கணக்கு. துரையின் கணக்கு என்ன? "வா என்கிற சத்தம் கேட்டது, அந்த ஆளிடம் போனேன், காது வலித்தது." அவ்வளவுதான். நான் ஓடுவதற்குத் தண்டனை கொடுக்கவில்லை. திரும்பி வருவதற்குத் தண்டனை கொடுத்தேன். அப்பாவிடம் வந்தால் தடவல் கிடைத்தது. ஆக, துரை பிடிவாதக்காரன் அல்ல. என்னைவிடச் சரியாகக் கணக்குப் போட்டவன்.

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் இதன் ஒரு பாதியைச் சொல்லியிருக்கிறார். அவருக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு. அந்த ஆராய்ச்சியின் வழியில்தான், சாப்பாட்டோடு சேர்ந்தே கேட்ட ஒலி, பிறகு தனியாகக் கேட்டாலும் நாய்க்கு எச்சில் ஊற வைக்கும் என்று கண்டார். மறு பாதியை அமெரிக்காவில் தார்ண்டைக் 1898இல் பூனைகளை வைத்துச் சொன்னார்: எந்தச் செய்கைக்குப் பின்னால் திருப்தி கிடைக்கிறதோ அந்தச் செய்கை திரும்ப வரும். இந்த இரண்டையும் வைத்துக் கொண்டு நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். தம்பிகள் குறிப்பெடுக்க வசதியாக வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று: கெட்டுப் போன வார்த்தையை விட்டுவிட்டேன். என் வாயிலிருந்து வரும் "வா" துரைக்கு அடியின் பெயர். ஒரு விசில் வாங்கினேன். முதல் நான்கு நாள் வீட்டுக்குள்ளேயே, ஒன்றும் கேட்காமல், விசில் அடித்த மறு வினாடி ஒரு துண்டு வேகவைத்த கோழி ஈரல். ஒரு நாளைக்கு இருபது தடவை. ஐந்தாம் நாள் கொல்லையில் இருந்த துரை விசில் சத்தத்துக்குச் சுவரைத் தாண்டி வந்தது.

இரண்டு: கழுத்துப் பட்டையை மாற்றி மார்புப் பட்டை போட்டேன். இந்த நாய்கள் வேகமாகப் பாயும்போது கயிறு சுண்டினால் கழுத்து அடிபடும். அதோடு கிணற்றுத் தாம்புக் கயிறு ஒன்று, ஐம்பது அடி. சுதந்திரமாக ஓடுகிற மாதிரி அதற்கு ஒரு எண்ணம்; முனை என் கையில்.

மூன்று: இழுத்தால் நான் மரம் மாதிரி நின்றுவிடுவேன். கயிறு தொய்ந்ததும் நடப்பேன். முதல் நாள் எங்கள் தெருவைத் தாண்ட நாற்பது நிமிஷம் ஆனது. டீக்கடையில் இருந்தவர்கள், "என்ன இன்ஜினியர், பிரேக் டவுனா?" என்று கேட்டார்கள். மூன்று வாரத்தில் கயிறு தொய்ந்தே இருக்க ஆரம்பித்தது.

நான்கு: எப்போது வந்தாலும், எவ்வளவு தாமதமாக வந்தாலும், வந்ததற்குப் பரிசு. எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் சரி. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. ஏனென்றால் பழக வேண்டியது நாய் அல்ல, நான்.

ஐந்து: கூப்பிடும்போதெல்லாம் கயிற்றில் கட்டி வீட்டுக்கு இழுத்துப் போகாமல், பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை ஈரலைக் கொடுத்து, "போ, விளையாடு" என்று திரும்ப விட்டேன். வந்தால் விளையாட்டு முடிந்துவிடும் என்று தெரிந்தால் யார்தான் வருவார்கள்? ஹாஸ்டலில் வார்டன் கூப்பிட்டால் நாம் போனோமா?

ஆறு: ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். ஆலை லாக் புக் மாதிரி, தேதி, இடம், கூப்பிட்டது எத்தனை, வந்தது எத்தனை. எண்ணிக்கை இல்லாவிட்டால் நல்ல நாளில் தலை கனத்துவிடும், கெட்ட நாளில் மனசு உடைந்துவிடும்.

கெட்ட நாட்களும் வந்தன. ஐந்தாவது வாரம் துரை முன்னைவிட மோசமாகிவிட்டது. கயிற்றை இழுத்து, குலைத்து, தரையில் புரண்டு ஆர்ப்பாட்டம் செய்தது. விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் இதற்கும் ஒரு விளக்கம் உண்டு. இவ்வளவு நாள் பலித்த ஒரு பழக்கம் திடீரென்று பலிக்காமல் போனால், அது அணைவதற்கு முன் ஒரு தடவை கொழுந்துவிட்டு எரியும். டீ மெஷினில் காசு போட்டு டீ வராவிட்டால் நாம் பட்டனை விடாமல் குத்துகிறோமே, அது மாதிரி. அந்த நேரத்தில் விட்டுக் கொடுத்தால், "பலமாகக் குத்தினால் டீ வரும்" என்று கற்றுக் கொடுத்ததாக ஆகிவிடும். பல்லைக் கடித்துக் கொண்டு பத்து நாள் தாண்டினேன்.

இந்த நடையினால் எனக்குக் கிடைத்த இன்னொரு லாபம், பிறந்த ஊரையே அப்போதுதான் பார்த்தேன். துரை முகர்வதற்கு நிற்கும். நானும் நிற்க வேண்டும். ஓடைக் கரையில் நின்றால் காலடியில் சிப்பிகள். கடல் எங்கோ இருக்க, இங்கே ஏது சிப்பி? சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் எங்கள் பகுதியில் கடல் புகுந்து, பிறகு பல கோடி ஆண்டுகள் ஏறியும் இறங்கியும் இருந்தது. காரை, குளக்கானத்தம் பக்கத்துச் செம்மண் பள்ளங்களிலும், அரியலூர்க் கல்லங்குறிச்சியிலும் அந்தக் கடலின் உயிர்கள் கல்லாகக் கிடக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940இல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்து உலகத்துக்குச் சொன்னார். அந்தச் சிப்பிகள்தான் சுண்ணாம்புக்கல். அதைத்தான் நாங்கள் சுட்டுச் சிமெண்ட் ஆக்குகிறோம். பத்து வருஷமாக அந்தக் கல்லை டன் கணக்கில் அரைத்தவன், ஒரு சிப்பியைக் கையில் எடுத்து முழுசாகப் பார்த்தது நாய் நின்ற தயவில்தான். பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவேன்.

சரி, ஆட்டு விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது மாதம் நான் அந்த ஆட்டுக்காரரைத் தேடிப் போனேன். "அண்ணே, உங்க மந்தைய வச்சித்தான் இத பழக்கணும். கயிறு என் கையில இருக்கும், விடமாட்டேன். தள்ளி நின்னுக்கறேன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிச்சவங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்றார். ஆனால் மறுக்கவில்லை.

முதல் நாள் நூறு மீட்டரில் நின்றோம். துரை ஆடுகளைப் பார்த்து உடம்பை விறைத்தது. ஈரலை மூக்கருகே நீட்டினேன். மோந்து கூடப் பார்க்கவில்லை. சாப்பாட்டை மறுத்தால் அந்தத் தூரம் அதற்குத் தாங்கவில்லை என்று அர்த்தம். இன்னும் ஐம்பது மீட்டர் பின்னால் போனோம். அங்கே ஆட்டைப் பார்த்தது, பிறகு விசிலுக்கு என்னைத் திரும்பிப் பார்த்தது. திரும்பிய அந்த வினாடியே ஈரல். இப்படி நாளுக்கு ஐந்து பத்து மீட்டராகக் கிட்டே போனோம். என்றைக்கு அவசரப்பட்டேனோ, அன்றைக்குப் பின்னால் தள்ளப்பட்டேன். ஏழு வாரம் ஆனது. எட்டாவது வாரம், மந்தை நடுவே இருக்கிற வண்டிப் பாதையில், தொய்ந்த கயிற்றோடு, துரை என் முகத்தைப் பார்த்தபடியே நடந்தது. ஆட்டுக்காரர் கோலை ஊன்றி நின்று பார்த்துக் கொண்டிருந்தார். "பரவால்ல, நாயி படிச்சிடுச்சு" என்றார். நோபல் பரிசு கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்றைக்கும் ஆடோ மயிலோ கண்ணில் படுகிற இடத்தில் நான் துரையைக் கயிறு இல்லாமல் விடுவதில்லை. எத்தனையோ தலைமுறையின் ரத்தம் மூன்று மாதத்தில் மாறிவிடாது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு தடவை வரும் என்று என் நோட்டு சொல்கிறது. மீதி இரண்டில் ஒரு குட்டி இருக்கிறது. எந்த சேப்டி சிஸ்டத்தையும் நூறு சதவீதம் என்று நம்பக் கூடாது என்று ஆலையில் நமக்குச் சொல்லித் தருகிறார்களே, அதுதான்.

நாய் வளர்ப்பவர்களுக்குச் சில குறிப்புகள். சித்திரை வைகாசியில் எங்கள் பக்கம் 40 டிகிரியைத் தொடும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கு வழியாகத்தான் சூட்டைத் தணிக்கும். ஆகவே வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுங்கள். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து வினாடி தாங்கவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. செட்டிகுளம் சின்ன வெங்காயம் நமக்கு அமிர்தம். நாய்க்கு வெங்காயமே ஆகாது, ரத்தத்தைக் கெடுக்கும். வெறிநோய்த் தடுப்பூசியை வருஷம் தவறாமல் போடுங்கள். யாரையாவது நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சுண்ணாம்பு தடவுவது, மிளகாய்ப் பொடி வைப்பது எல்லாம் வேண்டாம். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்கிற காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில் நாலைந்து ஊசிதான். ஆனால் போடாமல் விட்டு வெறிநோய் வந்துவிட்டால் அநேகமாகப் பிழைப்பே கிடையாது.

இனி ஆலைக்கு. அந்த நைட் ஷிப்ட் பையனையும், முதலில் திட்டு வாங்கிய பையனையும் ஷிப்ட் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் வைத்துக் கொண்டு, "தப்பு என் மேல்" என்று சொன்னேன். திட்டியது பத்துப் பேர் முன்னால் என்றால், திரும்பப் பெறுவதும் பத்துப் பேர் முன்னால்தானே நடக்க வேண்டும்? அன்றிலிருந்து ஒரு வழக்கம். கெட்ட செய்தியோடு யார் வந்தாலும் என் முதல் வார்த்தை, "சொன்னதுக்கு நன்றி." விசாரணை பிறகு, தனியாக. தப்புக்கு நடவடிக்கை உண்டு. ஆனால் வந்து சொன்னதற்குத் தண்டனை கிடையாது. முதல் இரண்டு மாதம் யாரும் நம்பவில்லை. துரையும்தான் நம்பவில்லையே. மூன்றாவது மாதத்திலிருந்து ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது: "சார், இந்தப் போல்ட் லூசா இருக்கு", "சார், நேத்து நான் டேக் போட மறந்துட்டேன்." பிரச்சினைகள் அதிகமாகிவிட்ட மாதிரி தோன்றும். பிரச்சினை அதிகமாகவில்லை. அதுவரை ஒளிந்திருந்தவை வீட்டுக்குத் திரும்பி வருகின்றன, அவ்வளவுதான்.

இங்கே வந்திருக்கும் என் நண்பர்களில் பலர் இன்று மேனேஜர்கள், பலர் அப்பா அம்மாக்கள். அரியர் வந்ததை வீட்டில் சொல்லாமல் மறைக்கிற பிள்ளை ஏன் மறைக்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். கடைசித் தடவை அவன் உண்மையைக் கொண்டு வந்தபோது அவனுக்கு நம் கையில் என்ன கிடைத்தது? தம்பி தங்கைகளுக்கும் சொல்கிறேன். நீங்கள் நாளைக்கு வேலையில் சேர்ந்து, திட்டுகிற அதிகாரி வாய்த்தாலும், பேரிங் சத்தம் போட்டால் போய்ச் சொல்லிவிடுங்கள். திட்டு காதோடு போகும். உடைந்த மூடி யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

அப்பாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். தொய்ந்த கயிற்றில் நடக்கப் பழகிய பிறகு ஒரு நாள் சாயங்காலம், கயிற்றின் முனையை அப்பாவின் இடது கையில் கொடுத்தேன். எனக்குப் பயம்தான், பின்னாலேயே போனேன். துரை அவர் ஊன்றுகோல் சத்தத்தைக் கேட்டு, ஒரு எட்டு வைத்து, நின்று, திரும்பிப் பார்த்து, மறு எட்டு வைத்தது. இதை நான் அதற்குச் சொல்லித் தரவில்லை. அன்று மாரியம்மன் கோவில் வரைக்கும் போனார்கள். இப்போது தினமும் ஏரிக்கரை வரைக்கும் போகிறார்கள். தெருவில் யாரும் அப்பா காலைப் பார்ப்பதில்லை. "என்ன வாத்தியாரே, துரையோட வாக்கிங்கா?" என்றுதான் கேட்கிறார்கள். துரைசாமிப் பெரியவரும் சில நாள் கூடவே போகிறார். ஆக இரண்டு துரையோடு வாக்கிங்.

சாப்பாடு தயார் என்று செயலாளர் கையைக் காட்டுகிறார். கூப்பிட்டவுடன் போவதுதான் நல்ல பழக்கம்.